வீட்டுத் தோட்டத்து ப்ரோக்கோலி: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறிதல்

மார்கழி பிறந்ததும் ப்ரோக்கோலி வளர்ப்பவர்கள் கவலையோடு கேட்கத் தொடங்குவார்கள். செடி இடுப்பளவு தழைத்தும் பூ வரவில்லை என்பார் ஒருவர். பூ வந்தும் ஒரு ரூபாய் நாணய அளவிலேயே நின்றுவிட்டது என்பார் இன்னொருவர். இருவரும் அடுத்த மூச்சில் கேட்பது, என்ன மருந்து தெளிக்கலாம் என்பதைத்தான். இந்தப் பயிரில் அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. மார்கழியில் பூவில் தெரியும் குறை பெரும்பாலும் ஐப்பசியில் நாற்றிலோ மண்ணிலோ விழுந்த குறையாக இருக்கிறது. அது எந்த வாரத்தில் விழுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேளைகளில் மருந்தே தேவைப்படாது, மீதிப் பாதியில் மருந்து தெளிக்கும் காலம் கடந்திருக்கும்.

நான் கோவையில், வீட்டின் பின்புறத் தரையிலும் மாடியில் வளர்ப்புப் பைகளிலுமாக இதைப் பயிரிடுகிறேன். எனவே இங்கே சொல்வது முதன்மையாகச் சமவெளித் தோட்டத்துக்கானது. நீலகிரி, கொடைக்கானல் வாசகர்களுக்கு மண்ணும் குளிரும் வேறு என்பதால் அவர்களுக்கு மட்டும் உரிய செய்திகளை அந்தந்த இடத்தில் குறித்திருக்கிறேன்.

செடியைத் தொடும் முன்

எந்த அறிகுறியானாலும் முதலில் விதைத்த தேதியையும் நட்ட தேதியையும் எடுத்து வையுங்கள். ப்ரோக்கோலி பூத் திரள ஏற்ற வெப்பநிலை ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி செல்சியஸ். கோவையில் மார்கழியிலும் தையின் தொடக்கத்திலும்கூடப் பகல் வெப்பம் 29, 30 டிகிரியைத் தொடுகிறது. இரவு 18, 19 டிகிரிக்கு இறங்குவதால்தான் செடி பிழைத்துப் பூக்கிறது. அந்தக் குறுகிய குளிர்காலத்துக்குள் பூத் திரள வேண்டுமானால் புரட்டாசியில் விதைத்து, ஐப்பசியில் நட்டாக வேண்டும். “ஆடிப்பட்டம் தேடி விதை” என்ற சொல்லை நம்பி மற்ற காய்களோடு இதையும் ஆடியில் விதைப்பவர்கள் பலர். கத்தரிக்கும் வெண்டைக்கும் பொருந்தும் அந்தப் பட்டம் இதற்குப் பொருந்தாது. மார்கழியில் விதைப்பதும் அவ்வாறே. பூ திரளும் நேரத்தில் மாசி வெயில் வந்து நிற்கும்.

அடுத்து இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மூன்றாவதாக, மோசமான செடி ஒன்றைத் துணிந்து வேரோடு பிடுங்கிப் பாருங்கள். ஒரு செடி போனாலும் மற்றவற்றுக்கு என்ன நேர்கிறது என்பதை அது காட்டிவிடும்.

முளைத்த நாற்று தரைமட்டத்தில் கருத்துச் சாய்கிறது

இது நாற்றழுகல். மண்ணில் உள்ள பூசணம் இளந்தண்டைத் தரைமட்டத்தில் இளக்கிவிடுகிறது. நேற்று நேராக நின்ற நாற்று இன்று நூல்போல் மெலிந்து மடிந்து கிடக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில்தான் நாம் விதைக்கிறோம் என்பதால் இது நம் ஊரில் மிகச் சாதாரணமானது. சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. குழித்தட்டை மழை படாத, ஆனால் வெளிச்சம் நன்றாக வரும் இடத்துக்கு மாற்றி, மேற்பரப்பு காய்ந்த பிறகு மட்டுமே காலையில் நீர் விட்டால் எஞ்சியவை பிழைக்கும். அடுத்த முறை தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தை முன்கூட்டியே கலந்து வையுங்கள். பழைய தொட்டி மண்ணை நாற்றுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

நாற்று சாயாமல், ஆனால் வெளுத்து நெட்டையாக நீண்டால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் வைத்த தட்டுகளில் இதைப் பார்க்கலாம். நெட்டை நாற்றை வீணாக்க வேண்டியதில்லை. நடும்போது விதையிலை தரையைத் தொடும் அளவுக்குத் தண்டை ஆழப் புதைத்தால் செடி நிலைத்துக்கொள்ளும்.

நட்ட செடி காலையில் துண்டாகிக் கிடக்கிறது, அல்லது குருத்தைக் காணவில்லை

இவை இரண்டும் வெவ்வேறு. தண்டு தரையோடு அறுந்து கிடந்தால் வெட்டுப்புழுவின் வேலை. செடியைச் சுற்றி இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலால் கிளறினால் சுருண்டு கிடக்கும் சாம்பல் நிறப் புழு அகப்படும். தாள் குவளையின் அடியை வெட்டி எடுத்து, செடிக்குக் கழுத்துப்பட்டைபோல் மாட்டி, ஓர் அங்குலம் மண்ணில் புதையுமாறு வைத்தால் போதும். மழைக்காலத்தில் நத்தையும் இதே சேதத்தைச் செய்யும். அதன் வழியில் பளபளக்கும் கோழை காட்டிக் கொடுத்துவிடும்.

செடி நின்றிருக்க, நடுக்குருத்து மட்டும் தின்னப்பட்டு, அந்த இடத்தில் மெல்லிய நூலாம்படையும் கழிவுத் துகளும் இருந்தால் அது குருத்தைத் துளைக்கும் புழு. நட்ட முதல் மூன்று வாரங்களில் வருவது இதன் வழக்கம். ப்ரோக்கோலியின் தலைப்பூ அந்த ஒரே குருத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதால் இந்தச் சிறு சேதம் பெரிய இழப்பாகிறது. குருத்துப் போன செடி பல கிளை விட்டு, ஒவ்வொன்றிலும் கைப்பிடி அளவுப் பூவைத் தரும். தலைப்பூதான் வேண்டுமென்றால் அதைப் பிடுங்கிவிட்டு, மாற்றாக வைத்திருக்கும் நாற்றை உடனே நடலாம். பத்துச் செடிக்கு மூன்று நாற்றாவது கூடுதலாக வளர்த்து வைப்பது இதற்காகத்தான். ஆனால் பத்து நாள் கடந்துவிட்டால் மாற்று நாற்று பருவத்தைத் தவறவிடும். கிளைப்பூவோடு மனநிறைவு கொள்வதே நல்லது.

இலையில் ஒளி ஊடுருவும் திட்டுகள்

காலை வெயிலில் இலையை உயர்த்திப் பிடித்தால், கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல் ஒளி கடந்துவரும் சிறு திட்டுகள் தெரியும். இலையின் அடிப்புறத் திசுவைத் தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு செய்யும் வேலை இது. இரண்டொரு நாளில் அந்தத் தோலும் காய்ந்து உதிர, ஓட்டையாகிறது. அடிப்புறத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான, இரு முனையும் கூர்த்த வெளிர்பச்சைப் புழுவை ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். அது துள்ளித் துடித்துப் பின்னோக்கி நகர்ந்து, இலையின் விளிம்பிலிருந்து ஒரு பட்டிழையில் தொங்கி இறங்கும். சற்றுப் பொறுத்தால் அதே இழையைப் பிடித்து மேலே ஏறிவிடும். வேறு எந்தப் புழுவும் இவ்வளவு பரபரப்புக் காட்டாது என்பதால் அடையாளம் காண இதுவே போதும்.

கோசுக் குடும்பப் பயிர்களில் இதைவிடக் கடினமான எதிரி நமக்கு இல்லை. 1953-லேயே ஜாவாவில் இந்தப் பூச்சி டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லிக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. பின்னாளில் உயிரியல் பூச்சிக்கொல்லியான பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸையும் வயல்நிலையில் தாங்கக் கற்ற முதல் பூச்சியும் இதுதான். எனவே ஒரே மருந்தை வாரந்தோறும் தெளிப்பது, அதைத் தாங்கும் புழுக்களை நாமே பொறுக்கி வளர்ப்பதற்கு ஒப்பாகும்.

பத்து, இருபது செடி உள்ள வீட்டுத் தோட்டத்தில் கையும் கண்ணும் சிறந்த கருவிகள். வாரத்தில் இருமுறை ஒவ்வோர் இலையையும் திருப்பிப் புழுவையும், வலைபோன்ற கூட்டில் இருக்கும் கூட்டுப்புழுவையும் நசுக்கிவிடலாம். நாற்று நட்ட நாளிலேயே மெல்லிய பூச்சிவலையால் பாத்தியை மூடி, விளிம்பை மண்ணால் அணைத்துவிட்டால் அந்துப்பூச்சி முட்டையிடவே வழியில்லை. ப்ரோக்கோலிக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லாததால் அறுவடை வரை வலை இருக்கலாம். முட்டைகோசு உழவர்களுக்குப் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்த கடுகுப் பொறிப்பயிர் முறையும் பாத்தியில் வைப்பவர்களுக்கு உதவும். நடவுக்கு இரண்டு வாரம் முன்பே ஓரத்தில் கடுகு விதைத்தால் அந்துப்பூச்சி கடுகையே நாடும். அந்தக் கடுகில் புழுக்களை ஒழிக்கத் தவறினால் அது பொறியாக இராமல் நாற்றங்காலாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

புழு சிறிதாக இருக்கையில் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் தூளைப் பொட்டலத்தில் கண்ட அளவில் கரைத்து, மாலையில், இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். பகல் வெயில் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். புழு உடனே சாவதில்லை. தின்பதை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நாளில் இறக்கும். மறுநாள் புழு உயிரோடிருப்பதைக் கண்டு இரட்டிப்பு அளவில் மீண்டும் தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தேவையற்றது. அடுத்த சுற்றுக்கு வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மி.லி. வீதம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து மாற்றித் தெளியுங்கள். இந்த இலையின் மெழுகுப் பூச்சில் சோப்பில்லாமல் எதுவும் ஒட்டாது, முத்துமுத்தாக உருண்டு விழுந்துவிடும்.

சாம்பல் தூவியதுபோல் மொய்த்திருக்கும் அசுவினியை இதனோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அதைக் குழாய்நீரின் வேகத்தாலேயே அடித்துக் கழுவி, தேவைப்பட்டால் அதே வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கலாம். அசுவினியைத் தின்னும் பொறிவண்டு கூட்டமாக வந்திருந்தால் எதையும் தெளிக்காதீர்கள். ஆனால் பூ திரளத் தொடங்கும் முன் அசுவினியை ஒழித்துவிட வேண்டும். மொட்டுகளுக்கு இடையில் புகுந்துவிட்டால் எவ்வளவு கழுவினாலும் முழுதும் போகாது.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை, எந்த வடிவில் மஞ்சளாகிறது என்பதே இங்கு முழு விடை. அடியிலைகள் சீராக வெளுத்து, செடியும் குன்றி நின்றால் தழைச்சத்துப் போதவில்லை. ப்ரோக்கோலி பெருந்தீனிப் பயிர். பையில் தினமும் நீர் விடும்போது சத்து அடியில் வடிந்துவிடுகிறது. கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீரில் கலந்து வாரம் ஒருமுறை வேரில் விட்டால் பத்து நாளில் நிறம் திரும்பும். அடியிலையின் நரம்புகள் பச்சையாக நின்று, இடைவெளி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறை. இலைமேல் மஞ்சள் திட்டும் அதற்கு நேர் கீழே வெண்சாம்பல் பூச்சும் இருந்தால் அடிச்சாம்பல் நோய். பின்னதற்குச் செடிகளின் நெருக்கத்தைக் குறைத்து, இலை நனையாமல் வேரில் மட்டும் நீர் விட்டு, நோயுற்ற அடியிலைகளைக் கிள்ளி அகற்றுவதே முதல் மருந்து.

இந்த மூன்றையும் விட நான் அஞ்சுவது நான்காவதை. இலையின் விளிம்பில் தொடங்கி, நடுநரம்பை நோக்கிக் குறுகி வரும் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால், அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே ஓடும் நரம்புகள் மையால் வரைந்ததுபோல் கறுத்திருந்தால் அது பாக்டீரியாவால் வரும் கருப்பு அழுகல். இலையோரத்து நீர்த்துளை வழியாக நோய்க்கிருமி நுழைவதால்தான் அது எப்போதும் விளிம்பிலிருந்து உள்நோக்கி வருகிறது. சத்துக்குறை என்று எண்ணி உரம் இட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் மழைச்சாரல் அதைப் பக்கத்துச் செடிக்குத் தெறிக்கச் செய்துவிடும். இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. நோயுற்ற செடியை ஈரமில்லாத வேளையில் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், கத்தியைக் கழுவுங்கள், அந்த இடத்தில் இரண்டு மூன்று ஆண்டு கோசு, காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, கடுகு எதுவும் வைக்காதீர்கள். நோய் விதையோடும் வரும் என்பதால், நம்பகமற்ற விதையை 50 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, உடனே குளிர்நீரில் ஆற்றி உலர்த்தி விதைக்கலாம். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். சில டிகிரி கூடினாலே விதை முளைக்காது.

பகலில் வாடுகிறது, மாலையில் தெளிகிறது

மாடித் தோட்டத்தில் இதற்கு முதற்காரணம் பையின் சூடு. சிமெண்ட்டுத் தளத்தில் நேரடியாக வைத்த பையின் அடியில் நண்பகலில் கையை வைத்துப் பாருங்கள். செங்கல் மேல் தூக்கி வைத்து, மேல்மண்ணில் காய்ந்த இலையை மூன்று விரல்கடை கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் வாட்டம் குறையும். ஒரு செடிக்கு 15 அங்குல அகலமும் ஆழமும் உள்ள பை தேவை. சிறு பையில் வேர் அடைந்துவிட்டால் நீர் எத்தனை முறை விட்டாலும் பயனில்லை.

தரையில், மண் ஈரமாக இருந்தும் ஒன்றிரண்டு செடிகள் மட்டும் இப்படி வாடினால் ஒன்றைப் பிடுங்குங்கள். வேரில் மணிமணியாகச் சிறு முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. அடுத்த பருவத்துக்கு முன் அந்த இடத்தில் துலுக்கச் சாமந்தி வைத்து, வேப்பம் பிண்ணாக்கு இட்டு மண்ணைத் திருத்தலாம். வேர்கள் விரல்விரலாகத் தடித்து, இஞ்சிக் கிழங்குபோல் கோணிக் கிடந்தால் அது கோசுக் குடும்பத்துக்கே உரிய வேர்வீக்க நோய். மலை வாசகர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். நீலகிரி போன்ற மலைகளின் அமிலமண் இந்த நோய்க்கு ஏற்றது. அதன் வித்துகள் மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உறங்கிக் கிடக்கக்கூடியவை. மண்ணின் கார அமில நிலையைச் சுண்ணாம்பு இட்டு 7.2 அளவுக்கு உயர்த்தினால் நோய் அடங்கும். எவ்வளவு சுண்ணாம்பு என்பது மண் பரிசோதனை முடிவைப் பொறுத்தது. கண்ணளவில் இடுவதைவிட அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைக் கொடுத்துச் சோதித்துக்கொள்வது நன்று. இந்த நோய் உள்ள நிலத்தில் மேலே சொன்ன கடுகுப் பொறியைப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் கடுகும் அதன் வேரில் இந்நோயை வளர்க்கும்.

இலை தழைக்கிறது, பூ வரவில்லை

விதைத்த தேதியை இப்போது பாருங்கள். நட்டு 60 முதல் 80 நாள் ஆகவில்லை என்றால் பொறுத்திருங்கள். ரகத்தைப் பொறுத்துப் பூ முந்தும், பிந்தும். நாள் கடந்தும் வரவில்லை என்றால் வெப்பமே முதற்காரணம். குளிரைப் பெற்ற பிறகுதான் இந்தச் செடியின் குருத்து இலை விடுவதை நிறுத்திப் பூவுக்கு மாறுகிறது. இரவும் சூடாக இருந்தால் அது இலையையே விட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவது காரணம் தழைச்சத்து மிகுதி. பஞ்சகவ்யா, மீன் அமிலம், பிண்ணாக்குக் கரைசல் மூன்றையும் மாற்றி மாற்றி ஊற்றும் தோட்டங்களில் கரும்பச்சையாகப் பெருத்த இலையும் பூவில்லாத குருத்துமாகச் செடி நிற்பதைக் காணலாம். உரத்தை மூன்று வாரம் நிறுத்துங்கள்.

மூன்றாவது, ரகம். இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில் கட்ராயினில் உருவான பூசா கே.டி.எஸ். 1 போன்ற ரகங்கள் குளிர் நிறைந்த இடங்களுக்கு உரியவை. மலையில் அருமையாக வரும் அவற்றைச் சமவெளியில் வைத்துவிட்டு மண்ணைக் குறைசொல்வது நியாயமாகாது. சமவெளிக்கு வெப்பம் தாங்கும், நாள் குறைந்த வீரிய ஒட்டு ரகங்களைக் கேட்டு வாங்குங்கள். பொட்டலத்தின் பின்புறத்தில் நடவிலிருந்து அறுவடைக்கு எத்தனை நாள் என்று இருக்கும். 65 நாளுக்குள் உள்ளதையே நான் தேர்ந்தெடுக்கிறேன்.

பூ பொத்தான் அளவிலேயே நின்றுவிட்டது

என்னைப் பொறுத்தவரை இதுதான் வீட்டுத் தோட்டக்காரரை மிகவும் மனம் சோரச் செய்யும் குறை. அதே நேரம் எளிதில் தவிர்க்கக்கூடியதும் இதுவே. செடி போதிய இலை விடும் முன்பே ஏதோ ஒரு நெருக்கடி அதற்கு நேர்ந்து, இனி வளர முடியாது என்பதுபோல் இருந்த இடத்திலேயே பூத்துவிடுகிறது. ஆறேழு இலையோடு பூத்த செடி, அந்தப் பூவைப் பெருக்க வேண்டிய உணவைச் செய்ய இலை இல்லாமல் நின்றுவிடும்.

நெருக்கடி எங்கே நேர்ந்தது என்றால், பெரும்பாலும் குழித்தட்டில். சில ஆண்டுகளுக்கு முன் என் நாற்றுகள் மழையில் அழுகிப்போனதால் ஒரு நாற்றுப் பண்ணையில் பன்னிரண்டு நாற்று வாங்கி வந்தேன். பார்க்கக் கம்பீரமாக, தண்டு சற்று மரம்போல் தடித்து இருந்தன. நல்ல உறுதி என்று நினைத்தேன். குழியிலிருந்து எடுத்தபோது வேர்கள் நார்க்கழிவே தெரியாத அளவுக்கு வெள்ளைச் சுருளாகச் சுற்றி, அடித்துளை வழியாக வெளியேறிப் பழுப்பேறியிருந்தன. நட்ட இருபத்தைந்தாம் நாளில் பன்னிரண்டில் ஒன்பது செடிகளின் நடுவில் பச்சைப் பொத்தான் ஒன்று எட்டிப் பார்த்தது. அதே பாத்தியில், அதே உரத்தில், பத்து நாள் பிந்தி நட்ட என் சொந்த இளநாற்றுகள் நான்கும் விரித்த கையளவுப் பூத் தந்தன.

ஆகவே நாற்றின் வயது 25 முதல் 30 நாள், இலை நான்கு ஐந்து என்ற அளவைத் தாண்டவிடாதீர்கள். ஆறு வாரம் கடந்த நாற்றை எவ்வளவு தழைத்திருந்தாலும் வாங்க வேண்டாம். வாங்கும்போது ஒன்றைக் குழியிலிருந்து எடுத்து வேரைப் பார்க்கக் கேளுங்கள். வெண்மையாக, கலவையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும். நட்ட முதல் மாதத்தில் ஒரு நாள்கூட மண் உலரவிடாமலும் தழைச்சத்துக் குறையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மலையில் இன்னொரு காரணமும் உண்டு: இளஞ்செடி தொடர்ந்து ஒரு வாரம், பத்து நாள் 10 டிகிரிக்குக் கீழான குளிரில் நின்றாலும் இப்படிப் பொத்தான் விடும். அங்கே மார்கழி உறைபனிக்கு முன் செடி நன்கு வளர்ந்திருக்கும்படி நடவை முன்தள்ள வேண்டும்.

பொத்தான் விட்ட பூ இனிப் பெருக்காது. அதை வெட்டிவிட்டு உரமும் நீரும் கொடுத்தால், சில செடிகளில் பக்கக் கிளைகள் எழுந்து உண்ணத்தக்க பூத் தரும், மற்றவை போகட்டும்.

பூவுக்குள் இலை, மேடுபள்ளமான மொட்டு, பழுப்புத் திட்டு

ப்ரோக்கோலியில் நாம் உண்பது ஆயிரக்கணக்கான மலர்மொட்டுகளின் திரள். ஒவ்வொரு மொட்டும் ஒரே சீராக வளர்ந்தால்தான் பூ வழுவழுப்பான குவிமாடமாக இருக்கும். பூ இன்னும் இலைகளுக்குள் மறைந்து, குண்டூசித் தலை அளவில் இருக்கும் நாட்களில் கடும் வெப்பம் தாக்கினால் சில மொட்டுகள் வளர்ச்சி தடைப்பட்டுப் பின்தங்கிவிடுகின்றன. மூன்று வாரம் கழித்து மேடுபள்ளமான பூ வெளியே வரும்போதுதான் நமக்குத் தெரிகிறது. பூவின் ஊடே சிற்றிலைகள் நீட்டிக்கொண்டிருப்பதும் வெப்பத்தின் குறியே. உண்ணத் தடையில்லை, சற்றுக் கசப்பு இருக்கலாம். பருவம் பிந்திய செடிகளுக்கு தை இரண்டாம் வாரத்திலிருந்து பகலில் மட்டும் நிழல்வலை கட்டுவது ஓரளவு காக்கும். பூவின் மேல் ஊதா நிறம் படர்ந்தால் அஞ்ச வேண்டாம். குளிரில் உண்டாகும் நிறம் அது, வேகும்போது மறைந்துவிடும்.

மொட்டுத் திட்டு நீர் கோத்ததுபோல் கறுத்து, அழுத்தினால் இளகி, துர்நாற்றம் வீசினால் பூ அழுகல். பூவின் மேல் நீர் தேங்கியதே காரணம். பூ தெரியத் தொடங்கிய பின் தலைக்கு நீர் ஊற்றவே கூடாது; மழை வரும் நாட்களில் மேலே ஒரு மறைப்புக் கட்டுங்கள். அழுகிய பகுதி சிறியதாக இருந்தால் அன்றே பூவை வெட்டி, நல்ல பாகத்தைச் சமைத்துவிடுங்கள்.

வெட்டினால் தண்டு உள்ளே ஓட்டை

இந்தக் குறையை வெளியிலிருந்து காண முடியாது. பூவை வெட்டிய கத்தியை எடுத்ததும் தண்டின் நடுவில் கண் போன்ற ஒரு துளை தெரியும். உடனே போரான் குறை என்று முடிவு கட்டுவது வழக்கமாகிவிட்டது; அவசரப்படாமல் துளையின் சுவரைப் பாருங்கள். சுவர் வெளிர்பச்சையாக, வழுவழுப்பாக, ஈரமாக இருந்தால் செடி அளவுக்கு மீறிய வேகத்தில் வளர்ந்திருக்கிறது. தழைச்சத்து மிகுந்து, இடைவெளியும் கூடி, வெயிலும் இதமாக இருந்தால் தண்டின் வெளிப்புறம் விரியும் வேகத்துக்கு உள் திசு ஈடுகொடுக்க முடியாமல் பிளந்துவிடுகிறது. அடுத்த முறை செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி விட்டு, பூத் தொடங்கும் நேரத்தில் உரத்தைக் குறைத்தால் போதும். பூ முழுதும் உண்ணத்தக்கதே.

சுவர் பழுப்பேறி, தக்கைபோல் சொரசொரப்பாக, சில இடங்களில் வெடித்திருந்தால் அதுவே போரான் குறை. அப்படியானால் இளஇலைகள் நொறுங்கும் தன்மையோடு தடித்திருப்பதையும் காணலாம். நடவுக்கு முன் ஒரு சதுர மீட்டருக்கு 1 கிராம் வெண்காரம் (போரான் உள்ள உப்பு) என்ற அளவில் நீரில் கரைத்துச் சீராகத் தெளித்தால் போதும். போரானில் போதாமைக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. ஒரு பைக்கு ஒரு தேக்கரண்டி என்று இட்டால் அந்தப் பையின் மண் அடுத்தடுத்த பயிர்களையும் கருக்கிவிடும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும், மண் காய்ந்து காய்ந்து நனையும் பைகளிலும் போரான் இருந்தும் வேர் எடுக்க முடிவதில்லை என்பதால், இடுவதற்கு முன் நீர் விடும் முறையைச் சீராக்கிப் பாருங்கள்.

பூ மஞ்சளாகி விரிகிறது

நாளை வெட்டலாம் என்று விட்ட பூதான் இது. மொட்டுகள் இறுக்கமாக, தொட்டால் கெட்டியாக இருக்கும் வரைதான் அறுவடைக் காலம். அளவு பெரிதாகும் என்று காத்திருப்பது சமவெளி வெப்பத்தில் பலிக்காது. ஓரத்து மொட்டுகள் தளர்ந்து இடைவெளி விடத் தொடங்கினால், பூ உள்ளங்கை அளவே இருந்தாலும், அன்று காலையிலேயே வெட்டுங்கள். விரிந்த மஞ்சள் மலர்களையும் உண்ணலாம், தண்டு மட்டும் நாரேறியிருக்கும். வெட்டிய பூவை உப்பு கலந்த நீரில் தலைகீழாகக் கால் மணி நேரம் அமிழ்த்தி வைத்தால், கண்ணுக்குத் தப்பிய பச்சைப் புழுக்கள் நீரில் வந்து மிதக்கும்.

வெட்டும்போது ஐந்தாறு அங்குலத் தண்டோடு, நீர் தேங்காதபடி சாய்வாக வெட்டுங்கள். கீழுள்ள இலைக்கணுக்களைத் தொடாதீர்கள். ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டு நீர் விட்டால், இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கணுக்களிலிருந்து எழும் பக்கப்பூக்களை மாசி வெயில் ஏறும்வரை வாரம் ஒருமுறை பறிக்கலாம். பக்கப்பூக்கள் விரல்கனத்துக்கு மெலிந்து, பறித்த மறுநாளே மஞ்சளாகத் தொடங்கினால் செடியை எடுத்துவிடும் நேரம் வந்துவிட்டது. நான் ஒவ்வொரு செடியின் வேரையும் கழுவிப் பார்க்கிறேன். வேர் வெண்மையாக இருந்தால் செடி நறுக்கப்பட்டு மட்குக் குழிக்குப் போகிறது. முடிச்சோ வீக்கமோ கருத்த நரம்போ இருந்தால் அதைக் காயவைத்து எரித்துவிட்டு, அது நின்ற இடத்தில் ஒரு குச்சி நட்டுத் தேதி எழுதி வைக்கிறேன்.